பற்று யாரிடம்? மந்தைக் காவல் நாய் வளர்ப்பு நெறிகள்: ஓர் ஒப்பியல் நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கொன்றுண்ணி விலங்குகளிடமிருந்து ஆட்டு மந்தையைக் காப்பதற்கு நாயைப் பழக்குதல் மேய்ச்சல் சமூகங்களின் பழமையான தொழிலறிவாகும். இத்தகைய நாயின் திறம் அதன் இனத்தைச் சார்ந்தது என்பது பரவலான கருத்து. உரோமானிய வேளாண் நூலாசிரியர்களான வார்ரோ, கொலுமெல்லா ஆகியோரின் குறிப்புகளையும், சார்லஸ் டார்வின் 1833இல் தென்னமெரிக்காவில் கண்டு எழுதிய செய்தியையும், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவிலும் நமீபியாவிலும் நிகழ்ந்த முயற்சிகளையும் ஒப்பிட்டு நோக்கும் இக்கட்டுரை, நாயின் காவல் திறத்தை முதன்மையாக உறுதிசெய்வது அதன் இளமைக்காலப் பற்றே என நிறுவுகிறது. அப்பற்று மேய்ப்பனிடம் அமைகிறதா, ஆட்டிடம் அமைகிறதா என்பதைப் பொறுத்தே காவலின் தன்மை வேறுபடுகிறது. அகநானூறு காட்டும் இடையனின் காவலும், கொங்குப் பகுதியின் இன்றைய ஆட்டுப்பட்டிச் சிக்கலும் இவ்வொப்பீட்டின் ஒளியில் ஆராயப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: மந்தைக் காவல் நாய், இடையன், முல்லை, வார்ரோ, கொலுமெல்லா, டார்வின், பட்டி, கொரங்காடு.

முன்னுரை

ஆடு வளர்ப்போரிடம் நாய் இரு வேறு பணிகளைச் செய்கிறது. ஒன்று, மேய்ப்பனின் குறிப்புக்கேற்ப ஆடுகளைத் திரட்டுவதும் ஓட்டுவதும். மற்றொன்று, ஆடுகளோடு ஆடாகத் தங்கியிருந்து ஓநாய், நரி, சிறுத்தை முதலியவற்றை அணுகவிடாமல் தடுப்பது. முன்னது மந்தையோட்டும் நாய். பின்னது மந்தைக் காவல் நாய். ஓட்டும் நாய் ஆட்டை உற்றுநோக்கிப் பதுங்கித் துரத்தும்; அது வேட்டைக் குணத்தின் அடக்கப்பட்ட வடிவமாகும். காவல் நாயிடம் அக்குணம் தலைகாட்டுதல் ஆகாது. எனவே ஒன்றைப் பழக்கும் முறை மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை. இக்கட்டுரை காவல் நாயைப் பற்றியதாகும்.

துருக்கியின் கங்கால், இத்தாலியின் மரெம்மா, பிரெஞ்சு–ஸ்பானிய எல்லையின் பெரிய பிரனீசு நாய் போன்ற இனங்கள் இப்பணிக்கு இன்று உலகெங்கும் அறியப்பட்டவை. இவ்வினங்களின் புகழ் மிக்க நிலையில், நல்ல இனத்து நாயை விலைக்கு வாங்கி மந்தையில் விட்டால் காவல் அமைந்துவிடும் என்னும் எண்ணமும் வலுப்பெற்றுள்ளது. இவ்வெண்ணம் எந்த அளவு பொருந்தும் என்பதே இங்கு எழுப்பப்படும் வினாவாகும். விடை காண்பதற்கு முதலில் நாயின்றி மந்தை காக்கப்பட்ட ஒரு காட்சியும், பின்னர் நாயைக் கொண்டு காத்தோரின் நெறிகளும் ஆராயப்படுகின்றன. உரோமானிய நூல்கள் ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியே அணுகப்பட்டுள்ளன.

1. அகநானூற்று இடையன்

முல்லைத்திணைக்குரிய கருப்பொருள்களில் ஆநிரையும் ஆட்டு மந்தையும் சிறப்பிடம் பெறுவன. சங்க இலக்கியத்தில் நாய் பெரும்பாலும் வேட்டுவரோடு சேர்த்தே பேசப்படுகிறது. இடையனின் இரவுக் காவலை விரிவாகக் காட்டும் பாடல்களுள் ஒன்று இடைக்காடனார் பாடிய அகநானூற்றின் 274ஆம் பாடலாகும். கார்கால நள்ளிரவில் மழை பொழிகிறது. செம்மறிக் கூட்டத்தின் பாதுகாப்புக்காக இடையன் தீக்கடைகோலால் சிறு தீ மூட்டியிருக்கிறான். உறியும் பானையும் தோலும் அவனுடைய உடைமைகள். தூறல் ஒருபுறத்தை நனைக்கத் தண்டினைக் காலொடு சேர்த்து ஊன்றித் தனித்து நிற்கும் அவன், நாவை மடித்து எழுப்பும் சீழ்க்கை விரைந்து சென்று ஒலிக்கிறது. துள்ளும் குட்டியைக் கவர்வதற்குக் காத்திருந்த குறுநரி அவ்வொலிக்கு அஞ்சி முட்புதருக்குள் ஓடி மறைகிறது.

இக்காட்சியில் நாய் இல்லை. காவலின் கூறுகள் நான்கு மட்டுமே: தீ, தண்டு, ஒலி, உறங்காத மனிதன். இவற்றுள் நரியை விலக்குவது ஒலியே. நரி கொல்லப்படவில்லை, துரத்திச் செல்லப்படவுமில்லை. தன் வரவு அறியப்பட்டது என உணர்ந்த அளவில் அது விலகுகிறது. மந்தைக் காவலின் அடிப்படை கொன்றுண்ணியை அழித்தலன்று, அதன் முயற்சியைக் குலைத்தலே என்பதை இப்பாடல் தெளிவுறக் காட்டுகிறது. காவல் நாயின் பணியும் பெரும்பாலும் இதுவே. அது குரைக்கிறது, மந்தைக்கும் வந்த விலங்குக்கும் இடையில் சென்று நிற்கிறது, மோதல் நேர்வது அதன் பின்னரே. ஆகவே காவல் நாய் என்பது இடையனின் விழிப்பும் குரலும் வேறோர் உயிரிடம் ஒப்படைக்கப்பட்ட நிலை எனலாம். அவ்வாறு ஒப்படைப்பது எங்ஙனம் என்பதை உரோமானிய நூல்கள் விளக்குகின்றன.

2. வார்ரோ: மேய்ப்பனிடம் கொண்ட பற்று

மார்க்கஸ் தெரெந்தியஸ் வார்ரோ கி.மு. 37இல், தம் எண்பதாம் அகவையில், வேளாண்மை குறித்து மூன்று நூற்பகுதிகளை உரையாடல் வடிவில் இயற்றினார். இரண்டாம் பகுதி கால்நடைகளைப் பற்றியது. அதன் ஒன்பதாம் இயல் நாய்க்குரியது. நாயை வாங்கும்போது வேட்டைக்காரரிடமும் இறைச்சி விற்போரிடமும் வாங்கலாகாது என அவ்வியல் எச்சரிக்கிறது. இறைச்சிக் கடை நாய் சோம்பி மந்தையைப் பின்தொடராது. வேட்டை நாயோ முயலையோ மானையோ கண்டால் ஆட்டை விட்டு அதன்பின் ஓடும். மேய்ப்பரிடமிருந்து வாங்கப்பட்ட, ஆட்டைத் தொடரப் பழகிய நாய் சிறந்தது. அல்லது எப்பழக்கமும் ஏற்படாத நாய் சிறந்தது. இங்கு நாயின் மதிப்பு அது வளர்ந்த இடத்தைக் கொண்டு அளக்கப்படுவது நோக்கத்தக்கது.

இதனைத் தொடர்ந்து வார்ரோ ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். அமிட்டெர்னம் ஊரைச் சேர்ந்த புப்ளியஸ் ஔஃபிடியஸ் பொன்டியானஸ் என்பவர் உம்பிரியாவின் கடைக்கோடியில் ஆட்டு மந்தைகளை விலைக்கு வாங்கினார். விலையில் நாய்கள் அடங்கும், மேய்ப்பர் அடங்கார். மேய்ப்பர்கள் மந்தைகளைத் தென்னித்தாலியின் மெட்டபொன்டம், ஹெராகிளியா பகுதிகள் வரை ஓட்டிவந்து ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினர். சில நாள்களில் நாய்களும் தாமாகவே, பல நாள் வழிநடையைக் கடந்து, இடைவழியில் கிடைத்ததை உண்டு, உம்பிரியாவிலிருந்த தம் மேய்ப்பர்களிடம் சென்று சேர்ந்தன. நாய் தன்னைப் பின்தொடர வேண்டுமாயின் அதற்கு வேகவைத்த தவளையை இடுக எனச் சசெர்னா என்னும் முன்னை ஆசிரியர் எழுதியிருந்தார். அம்மேய்ப்பருள் ஒருவரும் அதனைச் செய்தாரல்லர் என வார்ரோ எள்ளலோடு குறிப்பிடுகிறார்.

இந்நிகழ்ச்சியின் வாயிலாக வார்ரோ உணர்த்துவது வெளிப்படையானது. நாய்க்கு ஆட்டின்மீது உள்ள பற்றினும் மேய்ப்பன்மீது உள்ள பற்றே வலியது. பொன்டியானஸ் ஆடுகளையும் நாய்களையும் விலை கொடுத்து வாங்கினார். அவ்விரண்டையும் பிணைத்திருந்த மேய்ப்பனை அவர் வாங்கவில்லை. நாய்கள் சென்றபின் அவரிடம் எஞ்சியது காவலற்ற மந்தையே.

3. கொலுமெல்லா: நிறமும் பெயரும்

கி.பி. முதல் நூற்றாண்டினரான கொலுமெல்லா தம் பன்னிரு நூற்பகுதிகளில் ஏழாவதன் பன்னிரண்டாம் இயலில் நாயைப் பற்றி உரைக்கிறார். வீட்டு முற்றத்தைக் காக்கும் நாய் கருநிறத்ததாக இருத்தல் வேண்டும். பகலில் கள்வனை அச்சுறுத்தவும் இரவில் இருளோடு கலந்து மறையவும் அந்நிறம் உதவும். மந்தை நாயோ வெண்ணிறத்ததாக இருத்தல் வேண்டும். விடியலுக்கு முந்திய மங்கலிலும் அந்தி மயக்கத்திலும் ஓநாயைத் துரத்தும் மேய்ப்பன், ஓநாய் என எண்ணித் தன் நாயையே தாக்கிவிடாதிருக்க அந்நிறம் வேறுபாடு காட்டும் என்பது அவர் கூறும் காரணம்.

இக்காரணம் நுணுகி நோக்கத்தக்கது. வெண்மை என்பது ஓநாயை முன்னிட்டு வேண்டப்படவில்லை. மேய்ப்பனின் கண்ணை முன்னிட்டே வேண்டப்படுகிறது. ஓநாய் வரும் வேளையில் மேய்ப்பனும் கையில் கோலோடு அங்கு இருக்கிறான் என்பது அவ்விதியின் உட்கிடை. பெயர் பற்றிய விதியும் இத்தகையதே. அழைத்தவுடன் நாய் செவிகொடுப்பதற்குப் பெயர் நீளமாக இருத்தலாகாது. ஈரசையினும் குறைதலும் ஆகாது. விரைவோன் எனப் பொருள்படும் செலெர், பெண் ஓநாய் எனப் பொருள்படும் லூபா முதலியன அவர் தரும் எடுத்துக்காட்டுகள். அழைப்பதற்கு ஒருவன் அருகில் இருந்தாலன்றிப் பெயருக்குப் பயனில்லை.

உடலமைப்பைப் பொறுத்தவரை, மான் துரத்தும் நாயைப் போல் மெலிந்ததாகவும் முற்றத்து நாயைப் போல் கனத்ததாகவும் மந்தை நாய் இருத்தலாகாது என்கிறார். ஓநாயின் பதுங்கலை முறியடிக்கவும், இரையோடு ஓடும் ஓநாயைத் தொடர்ந்து சென்று அதனை விடுவிக்கவும் வலிமையும் ஓட்டமும் அளவோடு வேண்டும். வார்ரோ குறிப்பிடும் கழுத்துப்பட்டையும் இப்போருக்கு உரியதே. உறுதியான தோற்பட்டையில் கொண்டையுள்ள ஆணிகள் பதிக்கப்படும்; இரும்பு நாயின் கழுத்தை வருத்தாதபடி கொண்டைகளின்கீழ் மென்தோல் தைக்கப்படும். பட்டையணிந்த ஒரு நாயால் புண்பட்ட ஓநாய் பட்டையணியாத பிற நாய்களையும் அணுகாது என்பது அவர் கருத்து. துருக்கியின் மேய்ப்பர்கள் இன்றும் கங்கால் நாய்க்கு இரும்பு முட்கள் கொண்ட கழுத்துப்பட்டையை அணிவிக்கின்றனர்.

4. உணவும் அடக்கமும்

காவல் நாயிடம் அஞ்சத்தக்க குறை அதன் கோழைத்தனமன்று. ஆட்டையே அது கடிப்பதாகும். வார்ரோ இதனை உணவோடு தொடர்புபடுத்துகிறார். நாய்க்குப் பாலில் ஊறிய வாற்கோதுமை அப்பம் இடப்பட வேண்டும். இறந்த ஆட்டின் இறைச்சியை உண்ண விடலாகாது. சுவை கண்ட நாய் தன்னை அடக்கிக்கொள்ளாது. பசித்த நாய் இரை தேடி மந்தையை விட்டு அகலும் என்பதால் உணவில் குறை வைத்தலும் ஆகாது. மந்தைக்கு இரு நாய்களேனும், ஆணும் பெண்ணுமாக, இருத்தல் நன்று. ஒன்று நோயுற்றாலும் மந்தை காவலின்றிப் போகாது.

கிரேக்க மெய்யியலாளர் பிளேட்டோ தம் 'குடியரசு' நூலின் மூன்றாம் பகுதியில் இதே அச்சத்தை அரசியலுக்கு உவமையாக்குகிறார். கட்டுப்பாடின்மையாலோ பசியாலோ தீய பழக்கத்தாலோ ஆட்டைத் தாக்கி, நாயாக இராமல் ஓநாயாக மாறும் நாய்களை வளர்த்தல் மேய்ப்பனுக்கு மிகப் பெரிய இழிவு என்பது அவ்வுவமை. நாய் ஓநாயாக மாறுவதற்குப் பொறுப்பு இங்கு நாயின்மேல் சுமத்தப்படவில்லை, வளர்த்தவன்மேலேயே சுமத்தப்படுகிறது.

5. டார்வின் கண்ட நாய்: ஆட்டிடம் கொண்ட பற்று

மேய்ப்பன் அருகிலில்லாமலும் நாய் மந்தையைக் காத்தல் கூடும் என்பதற்குச் சார்லஸ் டார்வினின் கடற்பயணக் குறிப்பு சான்றாகிறது. 1833 நவம்பரில் இன்றைய உருகுவே நாட்டின் மேய்ச்சல் பண்ணை ஒன்றில் தங்கியிருந்த அவர், வீட்டிலிருந்தும் மனிதரிடமிருந்தும் சில மைல் தொலைவில் பெரும் மந்தையை ஓரிரு நாய்கள் மட்டும் காத்து நிற்பதைக் கண்டு வியந்தார். அந்நட்பு ஏற்பட்ட வகையை வினவி அறிந்து எழுதியுள்ளார். குட்டி மிக இளமையிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்படுகிறது. நாள்தோறும் மூன்று நான்கு முறை ஒரு பெண்ணாட்டைப் பிடித்து நிறுத்தி அதனிடம் பாலுண்ண விடுகின்றனர். பட்டிக்குள்ளேயே கம்பளி மயிரால் குட்டிக்குப் படுக்கை அமைக்கப்படுகிறது. பிற நாய்களோடும் வீட்டுக் குழந்தைகளோடும் பழக அது விடப்படுவதில்லை. பெரும்பாலும் விதையும் நீக்கப்படுகிறது.

இவ்வாறு வளர்ந்த நாய் நாள்தோறும் இறைச்சித் துண்டுக்காக வீட்டுக்கு வருகிறது. பெற்றவுடன் நாணியது போல் விலகி ஓடுகிறது. வீட்டு நாய்கள் அதனைத் துரத்துகின்றன. மந்தையை அடைந்த நொடியே அது திரும்பி நின்று குரைக்கிறது. துரத்தி வந்த நாய்கள் ஓடிவிடுகின்றன. வீட்டருகில் அஞ்சிய அதே நாய் மந்தையருகில் அஞ்சவில்லை.

வார்ரோவின் நாய் மேய்ப்பனைத் தேடி ஆட்டை விட்டுச் சென்றது. டார்வின் கண்ட நாய் மனிதரை விட்டு ஆட்டிடம் திரும்பியது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் குட்டிப் பருவம் விளக்குகிறது. முதலாவது மேய்ப்பர் நடுவே வளர்ந்தது. இரண்டாவது ஆட்டின் மடியில் வளர்ந்தது. எனினும் இரண்டாவதன் பின்னும் மனித உழைப்பு உண்டு. நாளுக்கு நான்கு முறை ஆட்டைப் பிடித்து நிறுத்திய கை அதுவாகும். மேய்ப்பனின் உழைப்பு நீங்கிவிடவில்லை; அது நாயின் முதற்சில மாதங்களுக்குள் முன்கூட்டியே செலுத்தப்பட்டுள்ளது.

6. இருபதாம் நூற்றாண்டு முயற்சிகள்

அமெரிக்காவில் கொயோட்டி என்னும் குள்ளநரி வகையிடமிருந்து ஆடுகளைக் காக்க நீண்ட காலம் நஞ்சும் பொறியும் துப்பாக்கியுமே பயன்பட்டன. கூட்டரசு நிலங்களில் கொன்றுண்ணிகளுக்கு நஞ்சு வைப்பதற்கு 1972இல் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் தடை விதித்ததை அடுத்து, மாற்று வழிகளின் தேவை வலுத்தது. அப்பத்தாண்டின் பிற்பகுதியில் மாசச்சூசெட்சின் ஹாம்ப்ஷயர் கல்லூரியைச் சேர்ந்த ரேமண்ட் கோப்பிங்கர், லோர்னா கோப்பிங்கர் ஆகியோர் இத்தாலி, துருக்கி, யூகோசுலாவியா ஆகிய நாடுகளின் காவல் நாய்களைக் கொணர்ந்து பண்ணையாளர்களிடம் வழங்கி ஆராய்ந்தனர். நல்ல காவல் நாய்க்கு அவர்கள் வகுத்த இலக்கணம் மூன்று: மந்தையை விட்டு அகலாமை, மந்தைக்குத் தீங்கு செய்யாமை, மந்தையைக் காத்தல். மூன்றாவது முதலிரண்டின் விளைவு என்பது அவர்கள் கண்ட முடிவாகும். அப்பற்று ஏற்படும் பருவம் பிறந்து ஏறத்தாழ 16 வாரங்கள் வரையே நீடிக்கிறது. அதன்பின் ஆட்டைக் காணும் நாய்க்கு ஆடு உறவாக அமைவதில்லை.

இனம் மட்டும் போதாது என்பதற்கு வலுவான சான்றை ஹால் பிளாக் 1981இல் வெளியிட்ட ஆய்வு தருகிறது. அமெரிக்கத் தென்மேற்கின் நவஹோ மக்கள் கலப்பின நாய்களையே ஆட்டுக் காவலுக்கு வளர்த்தனர். குட்டிகள் இளமையிலேயே பட்டிக்குள் விடப்பட்டன. மனிதர் அவற்றோடு கொஞ்சி விளையாடுதல் தவிர்க்கப்பட்டது. பெயர்பெற்ற இனங்கள் செய்த பணியை இந்நாய்களும் செய்தன.

நமீபியாவில் பண்ணையாளர்கள் கால்நடை இழப்பை அஞ்சிச் சிவிங்கிப்புலிகளைப் பெருமளவில் கொன்று வந்தனர். லாரி மார்க்கர் நிறுவிய சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் 1994 முதல் அங்குப் பண்ணையாளர்களுக்கு அனத்தோலிய நாய்க்குட்டிகளை வழங்கி வருகிறது. நாய்களைப் பெற்றபின் இழப்பு பெரிதும் குறைந்ததாக, விடையளித்த பண்ணையாளர்களுள் 73 விழுக்காட்டினர் கூறியதை 2005இல் வெளியான ஆய்வு பதிவுசெய்துள்ளது. சிவிங்கிப்புலி மோதலைத் தவிர்த்து விலகும் இயல்பினது. எனவே நாய் குரைத்து எதிர்நிற்பதே பெரும்பாலும் போதுமானதாகிறது. அங்கு நாய்களிடம் காணப்பட்ட குறைகளுள் குறிப்பிடத்தக்கது காட்டு விலங்குகளைத் துரத்தி ஓடுவதாகும். வேட்டை நாயை வாங்காதே என்ற வார்ரோவின் எச்சரிக்கையும் இதனையே சுட்டியது.

7. கொங்குப் பகுதியின் பட்டி

மேற்கண்ட ஒப்பீடு தமிழகச் சூழலுக்கும் தொடர்புடையது. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரங்களில் கிளுவை முள்வேலியால் சூழப்பட்ட கொரங்காடு என்னும் தனியார் மேய்ச்சல் நிலங்களில் செம்மறிகள் விடப்படுகின்றன. வேலி இருப்பதால் எந்நேரமும் மேய்ப்பன் உடனிருக்க வேண்டியதில்லை என்பது அம்முறையின் சிறப்பு. அண்மை ஆண்டுகளில் இப்பகுதிப் பட்டிகளில் தெருநாய்க் கூட்டங்கள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்லும் நிகழ்வுகள் பெருகியுள்ளன. இறந்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி இழப்பீடு கோரி உழவர்கள் போராடும் நிலை ஏற்பட்டது. ஓரிரவில் பத்து ஆடுகளை இழக்கும் சிறு உழவர் குடும்பத்திற்கு அது ஓராண்டின் வருவாயையே இழப்பதாகும்.

இங்குக் கொன்றுண்ணியும் நாயே. ஓநாய்க்கும் காவல் நாய்க்கும் இடையில் இனத்தால் வேறுபாடு கற்பிக்கலாம். தெருநாய்க்கும் பட்டி நாய்க்கும் இடையில் அவ்வாறு கற்பித்தல் இயலாது. ஒரே ஈற்றில் பிறந்த இரு குட்டிகளுள் ஒன்று பட்டியில் ஆடுகளோடு வளர்ந்து காவலாகலாம்; மற்றொன்று தெருவில் திரிந்து கேடாகலாம். பிளேட்டோவின் உவமை சுட்டிய இழிவு இங்கு வளர்த்தவனைச் சார்வதில்லை. வளர்க்காமல் விட்ட சமூகத்தைச் சார்கிறது.

அயல்நாட்டு இனங்களை வாங்குதல் இதற்குத் தீர்வாகாது. அவற்றின் விலையும் உணவுச் செலவும் சிறு உழவரால் தாங்கத்தக்கவையல்ல. குளிர்நிலத்துக்குரிய அடர்ந்த மயிர் கொண்டவை கொங்கு வெயிலுக்குப் பொருந்துவனவுமல்ல. நவஹோ சான்று காட்டுவதுபோல் உள்ளூர்க் குட்டியைக் கண் திறந்த சில வாரங்களிலேயே பட்டிக்குள் கொணர்தல், உணவைப் பட்டியிலேயே இடுதல், இறந்த ஆட்டின் ஊனைக் காட்டாமை, ஆட்டைத் துரத்தும் முதல் முயற்சியையே தடுத்தல் ஆகியவை எவரும் மேற்கொள்ளத்தக்கவை. வெறிநோய்த் தடுப்பூசியும் கருத்தடையும் இவற்றோடு சேர்தல் வேண்டும். தனி நாய் ஒரு கூட்டத்தை எதிர்த்து நிற்றல் அரிதாகலின் இரண்டுக்குக் குறையாமல் வளர்த்தல் தக்கது. தெருநாய்ப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் உள்ளாட்சிகளின் கடமைக்கு இது மாற்றாகாது, துணையாகலாம்.

முடிவுரை

மந்தைக் காவல் நாயின் திறம் இனத்தினும் வளர்ப்பையே மிகுதியும் சார்ந்தது என்பது இவ்வாய்வின் முதன்மை முடிவாகும். வார்ரோ, கொலுமெல்லா ஆகியோரின் விதிகள் மேய்ப்பன் உடனிருத்தலை அடிப்படையாகக் கொண்டவை. அவர்தம் நாயின் பற்று மேய்ப்பனிடம் அமைந்தது. டார்வின் கண்ட முறையிலும் கோப்பிங்கர் ஆய்வு காட்டும் முறையிலும் அப்பற்று ஆட்டிடம் திருப்பப்படுகிறது. அதனால் மேய்ப்பன் அகன்றிருக்கவும் இயல்கிறது. ஆயினும் இரு முறைகளிலும் மேய்ப்பனின் உழைப்பின்றிக் காவல் அமைவதில்லை. வாழ்நாள் முழுதும் உடனிருந்து செலுத்துவதா, குட்டிப் பருவத்தில் செறிவாகச் செலுத்துவதா என்பதே வேறுபாடு.

அகநானூற்று இடையன் தன் விழிப்பை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. மழையில் தானே நின்றான். இன்றைய உழவர் அவ்வாறு நிற்றல் இயலாது. தன் விழிப்பின் ஒரு பகுதியை நாயிடம் ஒப்படைக்க விரும்புவாராயின், குட்டி கண் திறந்தது முதல் நான்கு மாதங்களை அவர் அதற்கு வழங்கியாக வேண்டும். கொங்குப் பகுதியிலும் தென் மாவட்டங்களிலும் கிடை போடுவோர் தம் நாய்களை வளர்க்கும் முறைகளையும், அவற்றுக்கு வழங்கும் பெயர்களையும், அவை சார்ந்த சொற்களையும் களஆய்வின் வழித் தொகுத்தல் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.